டேட்டா சென்டர் வருகிறது: மறுப்பதா, நிறுத்திவைப்பதா, பேரம் பேசுவதா?

இணையச் சேவைகளுக்கும் ஏஐ-க்கும் ஆயிரக்கணக்கான கணினிகளை ராப்பகலாக ஓட்டும் பெரிய டேட்டா சென்டர் ஒன்று வரப்போகிறது என்ற செய்தி ஊர்க்காரர்கள் காதுக்கு எட்டும்போது பாதி வேலை முடிந்திருக்கும். நிலம் யாரும் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயருக்குக் கைமாறியிருக்கும். திட்டத்துக்கு ஒரு புனைபெயர் இருக்கும். உள்ளாட்சியில் சிலர் வாயைத் திறப்பதில்லை என்று ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அப்புறம்தான் பொதுக்கூட்டம், வண்ணப் படங்கள், வேலைவாய்ப்புக் கணக்கு எல்லாம்.

அந்த நேரத்தில் ஊர் கூடி முதலில் சொல்வது 'வேண்டாம்' என்பதைத்தான். கோபம் நியாயமானது. ஆனால் அதை எந்த மேசையில், எந்தச் சட்டத்தைக் காட்டிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு முற்றிலும் மாறிவிடுகிறது. கடந்த சில ஆண்டுகளில் பல நாட்டு ஊர்கள் கையாண்ட வழிகளைப் பார்த்தால் ஐந்து தேறுகின்றன: நேரடியாக மறுப்பது, கொஞ்ச காலம் நிறுத்திவைத்து விதி எழுதுவது, நிபந்தனைகளோடு ஒப்பந்தம் போடுவது, நீதிமன்றம் போவது, மின் கட்டண ஆணையத்தில் மல்லுக்கட்டுவது. என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இடங்களுக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். காரணம் ஒரு கணக்கில் இருக்கிறது.

டேட்டா சென்டர் வாட்ச் என்ற ஆய்வுத் திட்டம் அமெரிக்க எதிர்ப்புகளைத் தொகுத்தது. 2024 மே முதல் 2025 மார்ச் வரை சுமார் 6,400 கோடி டாலர் மதிப்புள்ள திட்டங்கள் எதிர்ப்பினால் பாதிக்கப்பட்டன என்றது. தலைப்புச் செய்தியாக ஓடியது இந்த எண்தான். உள்ளே போய்ப் பார்த்தால், தடுக்கப்பட்டவை 1,800 கோடி. மீதி 4,600 கோடியும் தாமதமானவை. அதாவது எதிர்ப்புக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பலன் கால அவகாசம். அந்த அவகாசத்தை வைத்து ஊர் என்ன செய்கிறது என்பதில்தான் ஐந்து வழிகளும் வேறுபடுகின்றன.

எந்தக் குறை, எந்த மேசை

எதிர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. வேலிக்கு அடுத்த வீட்டுக்காரருக்கு ராப்பகலாகக் கேட்கும் இரைச்சல். விவசாயிக்குத் தண்ணீர். அந்தக் கட்டடத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத, நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குடும்பத்துக்கு மின் கட்டணம். மூன்றையும் ஒரே பதாகையில் எழுதலாம். தீர்த்துவைக்கும் அதிகாரம் மட்டும் மூன்றுக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தி டேல்ஸ் என்ற சிறு நகரம். அங்கே கூகுள் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று தி ஓரிகோனியன் நாளிதழ் கேட்டது. நகர நிர்வாகம் தகவலைத் தராமல் இருக்க 2021-இல் நாளிதழ் மீதே வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு சமரசமாகி எண் வெளியே வந்தது: 2021-இல் மட்டும் 35.5 கோடி கேலன், அதாவது சுமார் 134 கோடி லிட்டர். நகரம் பயன்படுத்திய மொத்தத் தண்ணீரில் கால் பங்குக்கும் மேல். எண்ணை இவ்வளவு காலம் வணிக ரகசியமாகப் பூட்டி வைத்திருந்ததுதான் அந்த எண்ணைவிட ஊரை அதிகம் கோபப்படுத்தியிருக்கும் என்பது என் கணிப்பு.

தண்ணீர் எதிர்ப்புக்கு நிறுவனங்கள் தரும் பதில் இப்போது ஏறக்குறைய ஒன்றுதான்: நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறையை விட்டுவிட்டு, காற்றாலோ, அதே நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் மூடிய சுழற்சியாலோ குளிர்விப்பது. உருகுவேயில் 2023-இல் கடும் வறட்சி. தலைநகரில் குழாயில் உப்புநீர் வந்துகொண்டிருந்த நேரத்தில், நாளொன்றுக்கு 76 லட்சம் லிட்டர் நீர் கேட்ட கூகுள் திட்டத்துக்கு எதிராக மக்கள் கொதித்தார்கள். திட்டம் சுருங்கி, காற்றுக் குளிரூட்டலுக்கு மாறியது. சிலேயில் சான்டியாகோவை ஒட்டிய செரியோஸ் பகுதியில் கூகுள் கேட்டது வினாடிக்கு 169 லிட்டர். குடியிருப்போர் அமைப்பு பல ஆண்டுகள் போராடியது. 2024 பிப்ரவரியில் சுற்றுச்சூழல் நீதிமன்றம் அனுமதியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில் திட்டத்தை முதலிலிருந்து, காற்றுக் குளிரூட்டலோடு தொடங்குவதாக கூகுள் அறிவித்தது. இவை உண்மையான வெற்றிகள். கூடவே ஒரு விலையும் இருக்கிறது: தண்ணீரைச் சேமிக்கும் முறை பொதுவாகக் கூடுதல் மின்சாரம் தின்னும். ஊர் தள்ளிவிட்ட பாரம் மின்கம்பி வழியாக வேறொருவர் தலையில் ஏறுகிறது.

அந்த மின்சாரம் எவ்வளவு? சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டில் உலக டேட்டா சென்டர்கள் 2024-இல் சுமார் 415 டெராவாட்-மணி (ஒரு டெராவாட்-மணி என்பது நூறு கோடி யூனிட்) பயன்படுத்தின. உலகப் பயன்பாட்டில் ஒன்றரை சதவீதம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இவை உலகம் முழுக்கப் பரவி நிற்பதில்லை, சில இடங்களில் குவிகின்றன. அயர்லாந்தில் 2024-இல் மீட்டர் வழி போன மின்சாரத்தில் 22 சதவீதம் டேட்டா சென்டர்களுக்கே போனது; 2015-இல் அது 5 சதவீதம். அமெரிக்காவின் 13 மாநிலங்களுக்கு மின்கட்டமைப்பு நடத்தும் பிஜேஎம் அமைப்பில், தேவைப்படும்போது தயாராக இருக்க மின்நிலையங்களுக்குத் தரும் தொகை ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலராக இருந்தது. அடுத்த ஆண்டுக்கான ஏலத்தில் 269.92. அதற்கடுத்த ஏலத்தில் 329.17. டேட்டா சென்டர்களுக்காகக் கணிக்கப்பட்ட தேவைதான் இதற்கு முக்கியக் காரணம் என்று அந்தச் சந்தையின் கண்காணிப்பாளரே சொன்னார். இதை எந்த ஊர்க் கவுன்சிலும் தடுக்க முடியாது.

இரைச்சல் நேர்மாறு. முழுக்க உள்ளூர் விஷயம், உள்ளூர் விதியால் அடக்கக்கூடிய விஷயம். ஆனாலும் பெரும்பாலான ஊர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். வழக்கமான ஒலி விதிகள் 'ஏ' எடையிட்ட டெசிபலில் அளக்கின்றன. மனிதக் காதுக்கு ஏற்ப அமைந்த அந்த அளவு தாழ்ந்த அதிர்வெண் ஒலியைக் குறைத்தே காட்டும். டேட்டா சென்டர் விசிறிகளிலிருந்து வருவதோ பெரும்பாலும் நிற்காத, தாழ்ந்த முனகல். கருவி 'விதிக்கு உட்பட்டது' என்று காட்டும். படுக்கையறையில் தூக்கம் வராது. தாழ்ந்த ஒலியையும் கணக்கில் எடுக்கும் 'சி' எடையிட்ட அளவையும் சேர்த்துக் கேட்க வேண்டும், கட்டுமானம் தொடங்கும் முன்பே அந்த இடத்தின் இயல்பான ஒலியை அளந்து வைக்க வேண்டும். பின்னால் அளந்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. மின்தடைக்காக வரிசையாக நிற்கும் டீசல் ஜெனரேட்டர்களின் சோதனை ஓட்டம் தனிக் கதை. அதற்கு நேரக் கட்டுப்பாடு தேவை.

எதிர்த் தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலைவாய்ப்பு பெரிதாக ஒன்றுமில்லை. வர்ஜீனியா சட்டமன்றத்தின் தணிக்கை ஆய்வுக் குழு 2024 டிசம்பரில் தந்த அறிக்கைப்படி, இரண்டரை லட்சம் சதுர அடிக் கட்டடத்தில் கட்டி முடித்த பின் நிரந்தரமாக வேலை பார்ப்பவர்கள் ஐம்பது பேர் அளவில். கட்டுமானம் உச்சத்தில் இருக்கும்போது 1,500 பேர் வரை இருப்பார்கள், முடிந்ததும் போய்விடுவார்கள். வரி வருமானம் வேறு கதை, அது நிஜம். உலகிலேயே டேட்டா சென்டர்கள் மிக நெருக்கமாகக் குவிந்திருக்கும் வர்ஜீனியாவின் லௌடன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அவற்றுக்கான சேவைகளுக்குச் செலவாகும் ஒவ்வொரு டாலருக்கும் ஏறக்குறைய 26 டாலர் வரி வருகிறது என்பது கவுண்டியின் கணக்கு. பள்ளிக்கும் சாலைக்கும் அந்தப் பணம்தான் ஓடுகிறது. அந்த கவுண்டியே 2025 மார்ச்சில், விண்ணப்பித்தால் தானாகக் கிடைத்துவந்த அனுமதியை ரத்து செய்து, இனி ஒவ்வொன்றும் பொது விசாரணைக்கு வர வேண்டும் என்று மாற்றியது.

வேண்டாம் என்று சொல்லிவிடுவது

2025-இல் 'வேண்டாம்' என்ற ஊர்களில் இரண்டை முதலில் பார்ப்போம். இரண்டிலும் நடந்தது பாடமாக வைத்துப் படிக்க வேண்டியது.

ஆகஸ்ட் மாதம் அரிசோனாவின் டூசான் நகரக் கவுன்சில், அமேசானோடு தொடர்புபடுத்தப்பட்ட 'புராஜெக்ட் புளூ' திட்ட நிலத்தை நகர எல்லைக்குள் சேர்க்க ஒருமனதாக மறுத்தது. நகருக்குள் சேர்ந்தால்தான் நகரின் தண்ணீர் கிடைக்கும். பாலைவன நகரம், மண்டபம் நிரம்பி வழிந்தது, கைதட்டல் ஓயவில்லை. ஆனால் நிலம் கவுண்டியில் இருந்தது, நகரத்தில் இல்லை. திட்டத்தை நடத்துபவர்கள் காற்றுக் குளிரூட்டலுக்கு மாறினார்கள். நகரத் தண்ணீர் தேவையில்லாமல் போனது. மின் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் அந்த ஆண்டு முடிவதற்குள் மாநில ஆணையத்தில் ஒப்புதல் பெற்றது. நகரம் தன் தண்ணீரைக் காப்பாற்றிக்கொண்டது, அது சின்ன விஷயமில்லை. திட்டத்தை மட்டும் அது நிறுத்தவில்லை.

செப்டம்பரில் மிச்சிகனின் சலைன் டவுன்ஷிப் என்ற சிற்றூர் நிர்வாகம், ஓபன்ஏஐ, ஆரக்கிள் நிறுவனங்களின் திட்டத்துக்காக விவசாய நிலத்தின் வகையை மாற்ற நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் மறுத்தது. சில நாட்களிலேயே நிலத்தை மேம்படுத்தும் நிறுவனமும் நில உரிமையாளர்களும் வழக்குப் போட்டார்கள். சட்டப்படி அனுமதிக்க வேண்டிய ஒரு நிலப் பயன்பாட்டை ஊர் முற்றாக ஒதுக்கிவைக்கிறது என்பது வாதம். டவுன்ஷிப்பின் விதிப்புத்தகத்தில் அதற்குப் பதில் சொல்லத் தோதான எதுவும் இல்லை. தோற்றுவிடுவோம், செலவும் தாங்காது என்ற கணக்கில் அக்டோபரிலேயே சமரசம். 575 ஏக்கரில், 1.4 கிகாவாட் மின்தேவையோடு திட்டம் முன்னேறியது. பதிலுக்கு மூடிய சுழற்சிக் குளிரூட்டல், விவசாய நிலப் பாதுகாப்பு, தீயணைப்பு நிலையம் முதலியவற்றுக்காகச் சுமார் 1.4 கோடி டாலர். எதிர்த்தவர்களுக்கு இது தோல்வி. மறுத்ததால்தான் இந்த நிபந்தனைகளாவது எழுத்தில் வந்தன என்றும் வாதிடலாம். நான் இரண்டையும் ஏற்பேன்.

மறுப்பு நிலைத்த இடங்களும் உண்டு. இண்டியானாபொலிசில் 468 ஏக்கர் திட்டத்தை 2025 செப்டம்பரில், வாக்கெடுப்பு நெருங்கியபோது கூகுள் திரும்பப் பெற்றது. விஸ்கான்சினின் கலிடோனியாவில் மைக்ரோசாஃப்ட் அடுத்த மாதமே பின்வாங்கியது. தன் பெயர் கெடக்கூடாது என்று கவலைப்படும் பெரிய பிராண்டுக்கு, வேறு இடம் இருக்கிறது என்றால், சண்டை போடுவதைவிட நகர்வது மலிவு. பெயர் தெரியாத ஒரு நில நிறுவனம், ஒரே ஒரு இடத்தில் பணத்தைக் கொட்டிய பிறகு, அப்படி நகராது. எதிரில் இருப்பது யார் என்பதை முதலில் தோண்டிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு மறுப்பு வகை தேர்தல். நெதர்லாந்தின் சேவால்டேயில் 166 ஹெக்டேரில் மெட்டா கேட்ட மையத்துக்கு 2021 டிசம்பரில் உள்ளாட்சி சம்மதம் தந்தது. மூன்று மாதத்தில் உள்ளாட்சித் தேர்தல். எதிர்ப்பை முன்வைத்த உள்ளூர்க் கட்சி வென்றது. ஜூலைக்குள் மெட்டா கைவிட்டது. தேர்தல் பக்கத்தில் இருந்தது அந்த ஊரின் அதிர்ஷ்டம். எல்லா ஊருக்கும் நாட்காட்டி அப்படி ஒத்துழைக்காது.

நிறுத்திவைத்து விதி எழுதுவது

தற்காலிகத் தடை என்பது கேட்க மென்மையானது. 'வரவே கூடாது' என்று சொல்லவில்லை, 'எங்கள் விதிகள் தயாராகும் வரை பொறுங்கள்' என்கிறது. அதனாலேயே நீதிமன்றத்தில் இதை உடைப்பது கடினம், கவுன்சிலில் நடுநிலையாளர்களின் வாக்கை வாங்குவதும் எளிது. மிசூரியின் செயின்ட் சார்லஸ் நகரில் 440 ஏக்கர் ரகசியத் திட்டம் ஒன்று குடிநீர்க் கிணறுகளுக்கு அருகில் வரவிருந்தது. 2025 ஆகஸ்டில் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது, நகரம் ஓராண்டுக்கு எல்லா டேட்டா சென்டர்களையும் நிறுத்திவைத்தது.

இதை ஒழுங்காகச் செய்து காட்டியவர்கள் ஆம்ஸ்டர்டாமும் சிங்கப்பூரும். ஆம்ஸ்டர்டாம் 2019 ஜூலையில், பக்கத்து ஹார்லெமர்மேர் நகராட்சியோடு சேர்ந்து ஓராண்டு நிறுத்தியது. அந்த ஓராண்டில் எந்தப் பகுதிகளில் வரலாம், மொத்தம் எவ்வளவு மின்திறன் வரை என்று வரம்பு எழுதியது. பின்னர் நாடே ஒரு படி மேலே போனது: 2022 பிப்ரவரியில் ஒன்பது மாதத் தடை, அதன்பின் 10 ஹெக்டேருக்கும் 70 மெகாவாட்டுக்கும் மேற்பட்டவற்றுக்கு ஓரிரு இடங்களைத் தவிர அனுமதியில்லை. சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை நிறுத்தியது. திறந்தபோது கதவை முழுதாகத் திறக்கவில்லை. ஒரு போட்டி வைத்தது. மின்சாரத்தைக் குறைவாக வீணாக்குபவர், பசுமை எரிசக்தியோடு வருபவர் யார் என்று பார்த்து, 2023-இல் நான்கு தரப்புகளுக்குச் சுமார் 80 மெகாவாட் மட்டும் கொடுத்தது. நிறுவனங்கள் வரிசையில் நின்று நிபந்தனைக்கு இணங்கின. பேரம் பேசும் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதன் மறுபக்கம் எல்லைக்கு அப்பால் இருக்கிறது. சிங்கப்பூர் மூடிய காலத்தில் வளர்ச்சி பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போனது. இன்று தண்ணீர், மின்சாரம் பற்றிய அதே கேள்விகள் அங்கே. ஒரு ஊரின் தடை பக்கத்து ஊரின் விண்ணப்பம் ஆகிறது. ஆம்ஸ்டர்டாம் பக்கத்து நகராட்சியைச் சேர்த்துக்கொண்டே தடை போட்டது கெட்டிக்காரத்தனம்.

இன்னொரு ஆபத்து சோம்பேறித்தனம். தடை போட்ட அன்று பட்டாசு, பதினோராவது மாதம் வரை ஒரு வரியும் எழுதப்படாது, பிறகு அவசரமாக இன்னொரு ஆறு மாதம். திரும்பத் திரும்ப நீட்டிக்கப்படும் தடையை 'இது தற்காலிகமானதே இல்லை' என்று வழக்கறிஞர்கள் சுலபமாகப் பிடித்துவிடுவார்கள். தடைத் தீர்மானத்திலேயே யார் எழுதுவது, எந்த மாதத்தில் முதல் வரைவு, ஒலி ஆய்வுக்கும் நீர் ஆய்வுக்கும் பணம் எங்கிருந்து என்பதெல்லாம் இருக்க வேண்டும்.

விதி முன்பே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அரிசோனாவின் சேண்ட்லர். ஆண்டுக்கணக்கில் இரைச்சல் புகார் வந்த பின், 2022-இல் அந்த நகரம் டேட்டா சென்டர்களுக்கென்று தனி விதி எழுதியது: எங்கே வரலாம், ஒலி ஆய்வு, ஜெனரேட்டர் சோதனைக்கு முன் அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு. 2025 டிசம்பரில் ஒரு முன்னாள் செனட்டரே நேரில் வந்து ஆதரித்த ஏஐ மையம் கவுன்சிலுக்கு வந்தது. ஏழு பேரும் ஒருமனதாக நிராகரித்தார்கள். சலைன் டவுன்ஷிப்பிலும் நடந்தது மறுப்புதான். ஆனால் சேண்ட்லர் மறுத்தபோது கையில் மூன்றாண்டு பழைய விதிப்புத்தகம் இருந்தது.

நிபந்தனையோடு சம்மதிப்பது

நிலம் ஏற்கெனவே தொழிற்பகுதியாக வகைப்படுத்தப்பட்டிருந்தால், மறுக்கும் அதிகாரமே ஊருக்கு இல்லாமல் இருக்கலாம். அப்போது மிஞ்சுவது ஒப்பந்தம். சிலர் இதைச் சரணாகதி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே சமயம், பெரும்பாலான ஒப்பந்தங்கள் மோசமாக எழுதப்படுகின்றன என்பதும் உண்மை. பூங்காவுக்கு நன்கொடை, பள்ளிக்குக் கணினி, விழாவுக்கு ஆதரவு. கைதட்டல் வாங்கும், எதையும் கட்டுப்படுத்தாது.

உருப்படியான ஒப்பந்தத்துக்கு அடையாளம், அதில் எண்கள் இருக்கும். வேலி எல்லையில் இத்தனை டெசிபல், இரண்டு அளவுகளிலும். நாளுக்கும் ஆண்டுக்கும் இத்தனை லிட்டர், மீட்டர் கணக்கு மாதாமாதம் பொதுவெளியில். ஜெனரேட்டர் சோதனை வேலைநாளில், பகலில், இத்தனை நிமிடம். மீறினால் நாளுக்கு இவ்வளவு அபராதம். நிறுவனம் கைமாறினாலும் வாங்குபவரைக் கட்டுப்படுத்தும் என்ற வரி. இது விட்டுப்போனால் மற்றதெல்லாம் வீண், ஏனென்றால் இந்தத் தொழிலில் கட்டுபவரும் நடத்துபவரும் பெரும்பாலும் வேறு வேறு. திட்டம் பாதியில் நின்றால் நிலத்தைச் சீர்செய்ய முன்வைப்புத் தொகை. பள்ளிக் கணினியெல்லாம் இதற்கு அப்புறம்.

வரிச் சலுகையையும் இதே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். வர்ஜீனியா 2023 நிதியாண்டில் மட்டும் டேட்டா சென்டர்களுக்கு விட்டுக்கொடுத்த விற்பனை வரி 92.8 கோடி டாலர். 2026 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், உள்ளூர்ச் சொத்துவரிச் சலுகை கேட்கமாட்டோம், எங்கள் மின்செலவை நாங்களே முழுதாக ஏற்போம், எடுப்பதைவிட அதிகத் தண்ணீரைத் திருப்பித் தருவோம் என்று அறிவித்தது. எதிர்ப்பு இல்லாமல் இப்படி ஒரு அறிவிப்பு வந்திருக்காது. பேரம் பேசும் எந்த ஊரும் இதை எடுத்து மேசைமேல் வைக்கலாம்: அவர்கள் தருகிறார்கள், நீங்கள் ஏன் தரக்கூடாது? வாக்குறுதியைத் தனியாக நம்பத் தேவையில்லை, ஒப்பந்த வரியாக மாற்றிவிட்டால் போதும்.

ஒரு முன்நிபந்தனை: பேசுபவர்கள் யாரும் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது. போட்டிருந்தால், ஊர் சார்பில் உட்கார வேறு ஆளைத் தேடுங்கள்.

நீதிமன்றம்

சுருக்கமாகச் சொல்லலாம். செலவு அதிகம், நீண்டுபோகும், பெரும்பாலும் நடைமுறைப் பிழையில்தான் வெல்லும். வர்ஜீனியாவின் பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில், உள்நாட்டுப் போர்க்கள நினைவிடத்துக்குப் பக்கத்தில் 2,100 ஏக்கருக்கு மேற்பட்ட 'டிஜிட்டல் கேட்வே' திட்டம். 2023 டிசம்பரில் ஒரு நாளுக்கும் மேல் நீண்ட கூட்டத்துக்குப் பின் நூலிழையில் நிறைவேறியது. 2025 ஆகஸ்டில் நீதிபதி அந்த அனுமதியைச் செல்லாது என்றார். இரைச்சலுக்காகவோ வரலாற்றுக்காகவோ இல்லை. பொது அறிவிப்பைச் சட்டப்படி உரிய காலத்தில் வெளியிடவில்லை என்பதற்காக.

அயர்லாந்தின் ஆத்தன்ரை வேறு மாதிரி. 2015-இல் ஆப்பிள் 85 கோடி யூரோ மையம் அறிவித்தது. ஓரிரு தனிநபர்கள் எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள். எந்த நீதிமன்றமும் ஆப்பிளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லவில்லை, காலம்தான் ஓடியது. 2018 மே மாதம் ஆப்பிள் கிளம்பிவிட்டது. ஊரில் பெரும்பாலோர் அந்த மையம் வேண்டும் என்று ஊர்வலமே போனவர்கள் என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். 'ஊர் எதிர்க்கிறது' என்று எழுதும்போது யாருடைய ஊர் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மின் கட்டண மேசை

கூட்டம் கூடாத, கோஷம் கேட்காத இடம் இது. ஆனால் உங்கள் குறை மின் கட்டணம் என்றால் வேறெங்கும் பதில் கிடைக்காது. ஒஹையோவில் ஏஇபி மின் நிறுவனத்துக்கு 2025 ஜூலையில் புதுக் கட்டண விதி வந்தது. 25 மெகாவாட்டுக்கு மேல் கேட்கும் புதிய டேட்டா சென்டர்கள், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கேட்ட அளவில் 85 சதவீதத்துக்குப் பணம் கட்ட வேண்டும், 12 ஆண்டுகள் வரை. விளைவு என்ன தெரியுமா? 30 கிகாவாட் அளவுக்கு நின்றிருந்த வரிசை 13 ஆகச் சுருங்கியது. பாதிக்கு மேல் வெறும் துண்டு போட்டு இடம் பிடித்தவை. அவற்றை நம்பிக் கம்பியும் துணைமின்நிலையமும் கட்டியிருந்தால் செலவு வீட்டு மின் கட்டணத்தில் ஏறியிருக்கும். ஓரிகன் அதே ஆண்டு 20 மெகாவாட்டுக்கு மேற்பட்டவர்களைத் தனிக் கட்டண வகுப்பாகப் பிரிக்கச் சட்டம் போட்டது. அயர்லாந்து 2025 டிசம்பரில், புதிதாக வருபவர்கள் தங்கள் தேவைக்கு ஈடான மின் உற்பத்தியையோ சேமிப்பையோ தாங்களே கொண்டுவர வேண்டும் என்றது.

நூறு பேர் கொண்ட ஊர்வலத்தைவிட, ஆணையத்தில் முறையாகத் தரப்பாகச் சேர்ந்து கேள்வி கேட்கும் ஒரு நுகர்வோர் அமைப்பு இங்கே அதிகம் சாதிக்கும். அலுப்பான வேலைதான்.

அப்படியானால் எதை எடுப்பது

தண்ணீர் ஏற்கெனவே பற்றாக்குறை, அல்லது இடம் வீடுகளையும் குடிநீர்க் கிணறுகளையும் ஒட்டியது என்றால் மறுப்பு; ஆனால் நிலம் எந்த நிர்வாகத்தின் எல்லையில் இருக்கிறது, பக்கத்து நிர்வாகம் அதே திட்டத்தை வாங்கிக்கொள்ளுமா என்பதைப் பார்த்த பிறகு. விண்ணப்பம் இன்னும் வராமல் வதந்தி மட்டும் இருக்கிறது என்றால் உடனே தற்காலிகத் தடை. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. விண்ணப்பம் பதிவான பிறகு போடும் தடை பல இடங்களில் அந்த விண்ணப்பத்தைத் தொடாது. நிலம் தொழில் வகைப்பாட்டில் இருந்தால் ஒப்பந்தம், எண்களோடு. கட்டணம்தான் கவலை என்றால் ஊர்க் கவுன்சிலில் ஆற்றலை வீணாக்காமல் ஆணையத்துக்குப் போங்கள்.

இரண்டு வழிகளை ஒரே நேரத்தில் எடுக்கலாமா? எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். தடை போட்டுக்கொண்டே ஒப்பந்த வரைவை எழுதி வைத்திருக்கும் ஊர் வலுவாக நிற்கும். மறுத்துக்கொண்டே திரைமறைவில் பேரம் பேசுவது மட்டும் வேண்டாம். வெளியே தெரிந்த நாளில் எதிர்ப்பணி இரண்டாக உடையும்.

விசாரணை இன்னும் சில வாரங்களில் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு எல்லாவற்றுக்கும் நேரமிருக்காது. இதை மட்டும் செய்யுங்கள்: விண்ணப்பத்தின் முழு நகலையும் எழுத்தில் கேளுங்கள். எத்தனை மெகாவாட், எந்தக் குளிரூட்டல், எத்தனை ஜெனரேட்டர் என்ற மூன்று எண்களை விசாரணைப் பதிவில் ஏற வையுங்கள். அறிவிப்பு எந்த நாளிதழில், எந்தத் தேதியில் வந்தது, சட்டம் கேட்கும் இடைவெளி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பக்கத்தை வெட்டிப் பத்திரமாக வையுங்கள்.